ஒதெல்லோ பாடும் டெனர் உண்மையிலேயே உடைந்துபோகிறாரா?

மாட்டுங்கா ரசிகை:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள் நான். மேடை ஏறியதில்லை, ஆனாலும் சுருதி இம்மி விலகினாலும் காது உடனே சொல்லிவிடும். மேற்கத்திய இசையோடு எனக்குப் பழக்கம் குறைவு. மும்பையிலேயே பிறந்து வளர்ந்தும், ஓபரா ஹவுஸ் என்று யாராவது சொன்னால் சர்னி ரோடு பக்கத்து வைர வியாபாரமும் பஸ் நிறுத்தமும்தான் நினைவுக்கு வரும். 1911இல் திறப்பு விழா கண்டு, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2016இல் மீண்டும் கதவு திறந்த அந்த அரங்குக்குள் இன்னும் நான் நுழைந்ததில்லை.

சென்ற மாதம் தாதர் பார்சி காலனியில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஒதெல்லோ ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், முழுவதும் அவரிடம் இசைத்தட்டுகளாக இருக்கிறது. 1960இல் ரோமில் டுல்லியோ செராஃபின் வாத்தியக் குழுவை நடத்திப் பதிவானது. ஒதெல்லோவாகப் பாடியவர் ஜான் விக்கர்ஸ் என்ற கனடா நாட்டு டெனர், அதாவது உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர். மூன்றாம் அங்கத்தில் ஓரிடம் வந்ததும் பேச்சை நிறுத்தச் சொல்லிப் பெரியவர் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அந்தப் பாட்டு முடியும் வரை இறங்கவில்லை. மனைவி தனக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பிவிட்ட ஒதெல்லோ தனியே நின்று கடவுளோடு பேசும் இடம் அது என்று பிற்பாடு விளக்கினார். வறுமையைக் கொடுத்திருக்கலாம், அவமானத்தைக் கொடுத்திருக்கலாம், தாங்கிக்கொண்டிருப்பேன். என் உயிருக்கு ஆறுதலாக இருந்த அந்த ஒரு வெளிச்சத்தை அல்லவா பறித்துவிட்டாய் என்பது பொருள்.

தொடக்கத்தில் அது பாட்டாகவே இல்லை. ஒரே சுரத்தில் நின்றுகொண்டு, நெஞ்சில் காற்றே மிச்சமில்லாதவர் போல, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார். பிறகு எங்கிருந்தோ நீளமான ஒரு வரி விரிகிறது. முடிவில் கிட்டத்தட்ட அலறல். என் குரு கேட்டிருந்தால் முதல் வரியிலேயே வாயைத் திறந்து பாடச் சொல்லியிருப்பார். எனக்கோ கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியது கூடத் தெரியவில்லை.

நல்ல பாட்டு என்று நான் கற்ற இலக்கணம் எதிலும் இது அடங்கவில்லை. அப்படியிருந்தும், சுத்தமாகப் பாடிய எத்தனையோ பேரிடம் கிடைக்காத ஒன்று இதில் கிடைத்தது. அந்த முணுமுணுப்பும் அலறலும் வெர்டி எழுதியவையா, பாடகர் தாமாகச் சேர்த்தவையா என்பது முதல் சந்தேகம். இரண்டாவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. பாடுகிறவர் அந்த நேரத்தில் உண்மையிலேயே உடைந்துபோகிறாரா? உடைந்துபோனால் அவரால் எப்படித் தொடர்ந்து பாட முடிகிறது? இதில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

அந்தேரி டெனர்:

வணக்கம் அம்மா. அந்தேரியில் இருக்கிறேன், பாந்த்ராவில் ஓர் ஆசிரியரிடம் எட்டு ஆண்டுகளாக மேற்கத்தியக் குரலிசை கற்று, சேர்ந்திசைக் குழு ஒன்றில் டெனராகப் பாடி வருகிறேன். உங்கள் முதல் சந்தேகத்துக்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். அந்த முணுமுணுப்பு வெர்டி எழுதியது. நீங்கள் குறிப்பிடும் பகுதியின் தொடக்கத்தில், குரலை அமுக்கிக்கொண்டு, மூச்சுத் திணறுகிறவனைப் போலப் பாட வேண்டும் என்ற பொருளில் இசைக்குறிப்பிலேயே கட்டளை இருக்கிறது. ஏ ஃப்ளாட் என்ற ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அங்கிருந்து கீழே ஒரு சுரத்துக்கு இறங்கி, அதையும் அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லும்படி எழுதியிருக்கிறார். குரல் அசையாமல் நிற்க, அடியில் வயலின்கள் மட்டும் படிப்படியாகச் சரிந்து இறங்கும் ஒரு சிறு துணுக்கை மீண்டும் மீண்டும் வாசிக்கின்றன. மனிதன் ஆணியடித்தாற்போல் நிற்கிறான், அவன் காலடி மண் மட்டும் சரிகிறது. கடைசியில் நீங்கள் கேட்ட அலறல் பி ஃப்ளாட் என்ற உச்சச் சுரம், அதுவும் எழுதப்பட்டதே.

இந்த ஓபரா மிலானின் லா ஸ்காலாவில் 1887 பிப்ரவரி 5 அன்று அரங்கேறியபோது வெர்டிக்கு வயது 73. 1871இன் அய்டாவுக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் புதிய ஓபரா எதையும் அவர் தரவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தை அரிகோ பொய்ட்டோ சுருக்கிக் கொடுக்க, அதன் மீது எழுதியது இது. முதல் ஒதெல்லோவாகப் பாடிய பிரான்செஸ்கோ தமாஞோ இடியோசைக் குரலுக்குப் பேர்போனவர். ஒத்திகைகளுக்கு வெகு முன்பே, பதிப்பாளர் ரிக்கோர்டிக்கு எழுதிய கடிதத்தில் வெர்டி அவரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். நிரபராதியான மனைவியைக் கொன்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு ஒதெல்லோ உடலும் மனமும் ஓய்ந்தவன். பாதி அணைந்த, திரையிட்டது போன்ற குரலில்தான் அவன் பாட வேண்டும், ஆனால் அந்தக் குரல் தடுமாறக் கூடாது. எப்போதும் முழுக்குரலில் பாடும் தமாஞோவுக்கு அது கைவருமா என்பது அவருடைய கவலை. அணைந்ததாகவும் இருக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும். உங்கள் இரண்டாம் கேள்விக்கும் பதில் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். இந்தப் பகுதியை ஒருமுறை ஆசிரியர் முன் பாடிப் பார்த்தேன். அந்த ஆண்டு வீட்டில் ஒரு துக்கம் நடந்திருந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வந்தால் வரட்டும் என்று துணிந்து தொடங்கினேன். நான்காவது வரியில் தொண்டை அடைத்தது. சுருதி இறங்கியது. இரண்டு நாள் குரல் கம்மலாகவே இருந்தது. உண்மையாக அழும்போது குரல்வளைத் தசைகள் இறுகிக்கொள்ளும், மூச்சு துண்டு துண்டாகும். ஆசிரியர் என் விலா எலும்பின் மேல் கை வைத்து, மேலே என்ன நடந்தாலும் இந்த இடம் மட்டும் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். விலா விரிந்தே இருக்க, அடிவயிறு காற்றை மெல்ல மெல்ல விட, குரல் மட்டும் செத்துப்போனவனின் குரலாக வெளியே வர வேண்டும். முழுக்குரலில் பாடுவதைவிட இதற்கு அதிக பலம் தேவைப்படுகிறது. மைக் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறக்குறைய 3,800 பேர் அமர்வார்கள். அந்த முணுமுணுப்பு கடைசி வரிசைக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஒதெல்லோவின் நுழைவும் இப்படித்தான். புயல் காட்சியில் மொத்த வாத்தியக் குழுவும் கோரஸும் முழங்க, ஆர்கன் அடுத்தடுத்த மூன்று சுரங்களை ஒன்றாக அழுத்திக்கொண்டு அடியில் உறுமிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல், குரலைச் சூடாக்கிக்கொள்ள ஒரு வரி கூடக் கிடைக்காமல், வந்து நின்றதும் வெற்றி முழக்கத்தைப் பாட வேண்டும். அது ஒரு நிமிடம் கூட நீளாது. அதில் தவறினால் அன்றைய மாலை முழுவதும் அந்தத் தவறு பாடகரின் கூடவே வரும்.

செம்பூர் மூத்த ரசிகர்:

அந்தேரி தம்பி பொறுப்பாக எழுதியிருக்கிறார். ஆனால் நான் சற்று மாறுபடுகிறேன். ஐம்பது ஆண்டுகளாகச் செம்பூரிலும் சண்முகானந்தா அரங்கிலும் கச்சேரி கேட்டு வருபவன். ஓபராவும் முப்பது ஆண்டுகளாகப் பழக்கம். விக்கர்ஸ் பெரிய கலைஞர் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் அவரைக் கேட்கும்போது, பாத்திரம் பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக, பாட்டைத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் ஓடுவதாக எனக்குத் தோன்றும். உயிரெழுத்துகளை வளைப்பார். இசைக்குறிப்பு கேட்டதைவிட மெலிதாகத் தேய்த்துவிட்டு, அடுத்த நொடியே பாறை உருள்வது போல உறுமுவார். 1975இல் டல்லாஸில் வாக்னரின் ஓபராவில் ட்ரிஸ்டானாகப் பாடிக்கொண்டிருந்தவர், மூன்றாம் அங்கத்தில், சாகக் கிடக்கும் நாயகனாகப் படுத்திருந்த நிலையிலேயே, இருமிக்கொண்டிருந்த அவையினரைப் பார்த்து இருமலை நிறுத்தும்படி கத்தினார், ஒலிப்பதிவே இருக்கிறது. பாத்திரத்துக்குள் அவ்வளவு ஆழமாகப் போய்விட்டவரிடம் இசையைப் பொறுப்பாக ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும்போது, பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வேடம் போடுகிறவர் விரதம் இருந்து அந்த முகமூடியை அணிகிறார். ஆவேசம் வந்துவிடும். கூட இருப்பவர்கள் அவரை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். இளைஞனாக ஒருமுறை நேரில் பார்த்து நடுங்கியிருக்கிறேன். அது தெய்வ காரியம், அதற்கு அதன் இடம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் நரசிம்மரிடம் யாரும் நுணுக்கமான பாட்டை எதிர்பார்ப்பதில்லை. ஒதெல்லோவிடம் எதிர்பார்க்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை. எதிரே வாத்தியக் குழுவை நடத்துபவரின் கோல் ஒன்றுதான் இருக்கிறது.

என் மனத்துக்கு இசைந்தது 1947இல் டோஸ்கனினி நடத்திய ஒலிபரப்பில் ரமோன் வினாய் பாடியது. 1887இன் அரங்கேற்றத்தில் செல்லோ வாசித்தவர்களுள் ஒருவர் பத்தொன்பது வயது டோஸ்கனினி. அறுபது ஆண்டுகள் கழித்து அவரே நடத்துகிறார். வினாய் பாரிட்டோன் என்ற இன்னும் தாழ்ந்த ஆண் குரலில் தொடங்கி டெனரானவர் என்பதால் குரலின் நடுப்பகுதி தேக்கு மரம் போல் கனமானது. துயரம் அந்தக் கனத்திலேயே இருக்கிறது. தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. நம் நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். இருபத்தேழு வயதுக்குள் ராஜபார்ட் என்ற சொல்லுக்கே இலக்கணமானார். மைக் இல்லாத கொட்டகையில் பாட்டு பாட்டாகவே இருந்து ஜனங்களை அழவைத்தது. அழ வேண்டியவர்கள் கேட்பவர்கள். பாடுகிறவர் அல்லர் என்பது என் கருத்து.

தாராவி வாசகர்:

ஐயா சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, வேறோர் இடத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. எங்கள் ஆச்சி ஒப்பாரி பாடுவதில் பேர் எடுத்தவர். சாவு வீட்டில் ஆச்சி வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றப் பெண்கள் கூடி உட்காருவார்கள்.

சிறுவனாக நான் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வலது கை மார்பில் அடிக்கும். அந்த அடி தாளம் தப்பியதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வரி முடியும் இடத்தில் ஒரு விம்மல் வரும். அது எப்போதும் அதே இடத்தில், அதே நீளத்தில் வரும். அந்த விம்மலில்தான் அவர் அடுத்த வரிக்கு மூச்சு எடுத்துக்கொள்வார். செத்தவரின் பெயர், ஊர், பிள்ளைகள், அவர் வாங்கிய நிலம், விற்ற மாடு எல்லாம் அந்தந்த இடத்தில் மோனை குலையாமல் வந்து விழும். சொந்தத் தம்பி செத்தபோதும் ஆச்சிதான் பாடினார். அன்றும் தாளம் தப்பவில்லை. அன்று அவர் அழவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆகையால், அழுகை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விம்மலையே மூச்செடுக்கும் இடமாக ஆக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்றாம் அங்கத்துப் பகுதியை இந்த விவாதத்தைப் படித்த பிறகு நேற்று இரவு இரண்டு முறை கேட்டேன். இத்தாலிய மொழி தெரியாது. ஒரே சுரத்தில் தேய்ந்து தேய்ந்து சொல்லிப் போகும் அந்த முதல் பகுதியைக் கேட்டதும், விடிய விடியப் பாடித் தொண்டை கட்டிப்போன ஆச்சியின் குரல்தான் எனக்குக் கேட்டது. டல்லாஸ் சம்பவத்தையும் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். இருமல் சத்தம் காதில் விழுந்தது என்றால், அந்த மனிதர் தன்னை மறந்துவிடவில்லை என்றுதானே பொருள்? அரங்கில் ஒவ்வொரு சத்தமும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இசைக்குழு நடத்துநர் கரயான் 1970களில் எடுத்த ஒதெல்லோ படத்தையும் சிறிது பார்த்தேன், அதிலும் விக்கர்ஸ்தான். முகத்துக்குக் கருப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். மாநிறத்துக்கும் கருப்பான எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். மெட்ரோபாலிட்டன் அரங்கம் 2015இல் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டது என்று பிறகு படித்தேன். நல்ல முடிவு.

அந்தேரி டெனர்:

தாராவி அண்ணன் விம்மலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இசைக்குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். செம்பூர் ஐயாவுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் அங்கத்தின் முடிவில் ஒதெல்லோவும் அவன் மனைவி டெஸ்டிமோனாவும் பாடும் காதல் பாட்டில், ஒரு முத்தம், இன்னொரு முத்தம் என்று அவன் கேட்கும் இடத்தில் வாத்தியங்கள் ஒரு மெட்டை வாசிக்கும். நான்காம் அங்கத்தில் டெஸ்டிமோனாவின் பிரார்த்தனை உச்சத்தில், மிக மெல்லிய ஒரு சுரத்தில் கரைந்ததும், வாத்தியக் குழுவின் அடிமட்டத்திலிருந்து டபுள் பேஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியுள்ள தந்தி வாத்தியங்கள் மட்டும், ஒலி அடக்கப்பட்டு, தனியே எழும். ஒதெல்லோ உள்ளே வந்துவிட்டான். அவன் இன்னும் ஒரு சொல்லும் பாடவில்லை. தூங்குகிறவளைக் குனிந்து முத்தமிடுகிறான், அதே மெட்டு. அவளைக் கொன்று, உண்மை தெரிந்து, தன்னையும் குத்திக்கொண்ட பிறகு மூன்றாவது முறையாக அதே மெட்டு வருகிறது. ஒரு முத்தம், இன்னும் ஒரு முத்தம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முத்தம் என்ற சொல்லை முடிப்பதற்குள் இறந்துவிடுகிறான்.

அந்தச் சொல்லின் கடைசி அசை ஒலிக்கவே கூடாது. வாத்தியங்களோ தங்கள் வரியை முழுமையாக வாசித்து முடிக்கின்றன. அங்கே பாடகர் எந்த இடத்தில் குரலை நிறுத்துகிறார், எப்படி நிறுத்துகிறார் என்பதைத்தான் நான் ஒவ்வொரு பதிவிலும் கவனிப்பேன். சிலர் விக்குவார்கள், சிலர் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சத்தங்களை வெர்டி கேட்கவில்லை என்பதில் ஐயாவோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். தமாஞோவே 1903இல் பியானோ துணையோடு இந்த மரணப் பகுதியைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். அரங்கேறிப் பதினாறு ஆண்டுகள் கழித்து. வெர்டி யாரைப் பற்றிக் கவலைப்பட்டாரோ அவருடைய குரலே நமக்குக் கேட்கக் கிடைக்கிறது என்பது பெரும் பேறு.

செம்பூர் மூத்த ரசிகர்:

ஒப்பாரியைப் பற்றி எழுதியதைப் படித்து வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விம்மலும் தாளத்துக்குள் அடங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி அடங்கிய விம்மலை நான் குறை சொல்லமாட்டேன். வினாயை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

மாட்டுங்கா ரசிகை:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விளக்கமான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை.

நேற்று மீண்டும் பார்சி காலனிக்குப் போனேன். நீங்கள் எழுதியவற்றைப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். ஒப்பாரியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு கடைசி இசைத்தட்டைப் போட்டோம். டபுள் பேஸ்கள் எழுந்த இடத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது; யாரும் சொல்லியிராவிட்டால் அதை நான் கவனித்தே இருக்கமாட்டேன்.

முடிவுப் பகுதியில், அந்தேரி நண்பர் சொன்னபடி, குரல் நிற்கும் இடத்துக்காகக் காத்திருந்தேன். நின்றது. நான் பயந்தது போல அலறலும் இல்லை, விக்கலும் இல்லை. முணுமுணுப்பு என்று முதல் நாள் நான் எண்ணிய அந்த மாதிரிக் குரல், இப்போது கேட்டபோது சுருதியில் நூல் பிடித்தாற்போல் நின்றிருந்தது. தம்புராவை மீட்டி வைத்தாலும் ஒட்டியிருக்கும். அத்தனை வலிமையையும் அந்த மனிதர் குரலைச் சிறிதாக்குவதற்குச் செலவழிக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. சொல் பாதியில் அறுந்ததும், மீதி அசையை என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது.

வினாய் பாடிய பதிவு அவரிடம் இருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்கப் போகிறோம். தமாஞோவின் 1903 பதிவை அவர் கேட்டதில்லை என்றார். அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போகிறேன். செம்பூர் ஐயாவுக்கு வசதிப்பட்டால் அவரும் வரலாம் என்று பெரியவர் சொல்லச் சொன்னார்.